அப்பால மாஸ்டரும் பன்னிரண்டு மணி சைரனும்

யார் எங்கே நிற்க வேண்டும் என்பது கடவுளுக்கு அடுத்தபடியாகத் தெரிந்த ஒரே மனிதர், ராயபுரத்தில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார். கடவுளுக்காவது எப்போதாவது சந்தேகம் வரும். இவருக்கு வந்ததே இல்லை.

இப்போது ஏன் அவர் ஞாபகம் என்றால், யாரோ ஒரு புண்ணியவான் ஒரு பழைய கேஸட்டை இணையத்தில் ஏற்றிவிட்டு, அதன் கீழே 'இசை: டேலி' என்று போட்டிருக்கிறார். கேட்டவர்கள் புல்லரித்துப் போய், யார் இந்த மேதை டேலி, உயிரோடு இருக்கிறாரா என்றெல்லாம் விசாரித்திருக்கிறார்கள். உயிரோடுதான் இருக்கிறேன். மீஞ்சூரில் மகள் வீட்டில், சர்க்கரை இல்லாத காபியோடு. அந்த டேலி நான்தான். இசை என்னுடையது இல்லை. ஆறு நிமிஷப் பாட்டில் நான் செய்தது இரண்டே காரியம், அதில் ஒன்று தப்பு. எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எதிர்வீட்டுக்காரருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கோயில் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு அவர் அப்பால மாஸ்டர். யாரைப் பார்த்தாலும் அவர் வாயில் முதலில் வருவது "கொஞ்சம் அப்பால போ நைனா" என்பதுதான். போனால் "இன்னும்" என்பார். நாம் அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு கண்ணை மூடி, காதை நம் பக்கம் திருப்பி, "ம்ம், நில்லு" என்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு வந்து நம் காலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நம் பெயரை எழுதுவார். அதற்கப்புறம்தான் "இன்னா சமாசாரம்?" என்று கேட்பார். வந்த சமாசாரம் அதற்குள் மறந்து போயிருக்கும்.

இது கிறுக்கு இல்லை, தொழில். ஒரே மைக்கை வைத்துச் சினிமாப் பாட்டு பதிவு செய்த காலத்தில் அவர் கோடம்பாக்கத்தில் அரேஞ்சராக இருந்தவர். இசையமைப்பாளர் வெற்றிலையைக் குதப்பியபடி ஒரு மெட்டை முனகிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார். அதை நாற்பது பேருக்குப் பங்கு பிரித்து, எந்த வயலின் என்ன வாசிக்க வேண்டும், புல்லாங்குழல் எங்கே மூச்சு விட வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது மாஸ்டர். எழுதினால் மட்டும் போதாது. மைக் ஒன்று, வாத்தியம் நாற்பது. சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் திருகு கிடையாது, ஆளைத்தான் திருக வேண்டும். புல்லாங்குழல் மைக்குக்கு ஒரு முழம், வயலின் நாலடி, டிரம்பெட் கதவோரம், டோலக் சில நாள் வராந்தாவில். எல்லாருக்கும் தரையில் வட்டம். வட்டத்தை விட்டு முன்னே வந்தால் பாட்டு கெட்டது, பின்னே போனால் வாத்தியக்காரர் கெட்டார்.

பிறகு ஒரு இசைத்தட்டுக் கம்பெனி அவரைக் கூப்பிட்டு ரெக்கார்டு போடுகிற பொறுப்பை முழுசாகக் கொடுத்தது. பக்திப் பாட்டு, கட்சிப் பாட்டு, காமெடிக் கதை என்று கம்பெனி எதைப் போட்டாலும் பின்னால் மாஸ்டர் இருப்பார். இசைத்தட்டுக்கு நடுவில் ஒட்டுகிற வட்டக் காகிதத்தில் பாடியவர் பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்கும், மெட்டை முனகியவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். மாஸ்டர் பெயர் மட்டும் ஒரு தட்டிலும் இருக்காது.

"ஊர்ல கீற அத்தினி பேருக்கும் வட்டம் போட்டேன் டேலி. அந்தக் காயித வட்டத்துல எனக்கு நிக்க எடம் இல்ல பாரு" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் மட்டும் சுதி சேராது.

அந்த வேலையும் ஒரே நாளில் போயிற்று. அப்போது கொடிகட்டிப் பறந்த பாடகர் ஒருவருக்குக் கண்டாமணிக் குரல். மாஸ்டர் அவரை மைக்கிலிருந்து நகர்த்தினார். மறுபடியும் நகர்த்தினார். நகர்த்தி நகர்த்திக் கடைசியில் கக்கூஸ் கதவுப் பக்கம் கொண்டுபோய் வட்டம் போட்டார். 

"நான் பாட வந்தது மைக்குக்கா, கக்கூஸுக்கா?" என்று பாடகர் கேட்டார்.

"ரெண்டுத்துக்கும் நடுவுல நில்லுங்கண்ணே. ரெண்டுத்துக்கும் கேக்கும்" என்றார் மாஸ்டர்.

பாடகரின் கார் கிளம்பிய அதே நிமிஷத்தில் மாஸ்டரின் உத்தியோகமும் கிளம்பிவிட்டது. வேறு இடம் தேடலாம் என்றால், அதற்குள் ஊரெல்லாம் வாத்தியத்துக்கு ஒரு மைக் வந்தாயிற்று. மாஸ்டர் ஒரு ஸ்டுடியோவுக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஆளுக்கொரு மைக் குட்த்தா அது ஆர்க்கெஸ்ட்ரா இல்ல, பஞ்சாயத்து" என்றார். அதோடு கோடம்பாக்கத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ராயபுரத்துக்கே வந்து சேர்ந்தார். பிடித்தது எங்களுக்குச் சனி.

அவர் மனைவி கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எங்களுக்கு டீச்சரம்மா. சாக்பீஸ் சப்ளை அங்கிருந்துதான். தெருவில் 'அப்பால போ' கேட்காத ஒரே ஆளும் அவர்தான். ஒருநாள் காரணம் கேட்டேன். "என்ன அப்பால போகச் சொன்னா அந்தாளுக்கு சாக்பீஸ் ஏது?" என்றார்.

டிரம்பெட் தாஸ் என்று ஒருவர், பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில்வே வேலை. அவர் தங்கச்சி கல்யாணத்தில் குரூப் போட்டோவுக்கு ஆட்களை நிறுத்தித் தரச் சொல்லி போட்டோக்காரர் மாஸ்டரைத் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். பெண்ணின் தாய்மாமன் துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற வின்ச் ஓட்டுபவர். அவர் கரையில் பேசினால் கப்பலில் கேட்கும். மாஸ்டர் அவரை இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை, பந்தக்கால், தெருவிளக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். ஆல்பம் வந்தது. எல்லாரும் இருக்கிறார்கள். தூரத்தில், போஸ்ட் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, அதுதான் தாய்மாமன். அவர் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு நேரே மாஸ்டர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"யோவ் மாஸ்டர், போட்டோவுல சத்தம் கேக்குமாய்யா?"

"ஒன் மூஞ்சியே சத்தமா கீது நைனா" என்றார் மாஸ்டர். "கொஞ்சம் அப்பால நின்னு பேசு."

அடிதடி ஆகாமல் டீச்சரம்மாதான் காபி கொடுத்து அனுப்பிவைத்தார்.

நான் மாட்டிக்கொண்ட கதை வேறு. துறைமுகத்தில் நான் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி நோட்டில் கோடு போடுகிற வேலை. மாஸ்டர் ஒரு சாயங்காலம் என்னை நிறுத்தி, "ஒரு நாளிக்கு எத்தினி மூட்டை எண்ணுவ?" என்றார்.

"ரெண்டாயிரம் வரும் மாஸ்டர்."

"தப்பாதா?"

"தப்புனா சஸ்பெண்டு பண்ணிருவாங்க."

"அப்ப நீ ஆர்ட்டிஸ்டுதான்" என்று சொல்லி என் கையில் ஒரு டிரையாங்கிளைக் கொடுத்துவிட்டார். முக்கோணமாக வளைத்த கம்பி, தட்ட ஒரு குச்சி. அன்றிலிருந்து என் சொந்தப் பெயர் போய் டேலி ஆனேன்.

அவர் ஆர்க்கெஸ்ட்ராவில் முப்பது பேர். பாதி துறைமுகம், கால்வாசி ரயில்வே. பெரிய டிரம் அடித்தவர் வியாசர்பாடியில் பாக்ஸிங் சொல்லித் தருகிறவர், டிரம்மைப் பார்த்தாலே பாவமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் இருந்த சங்கக் கூடத்தில் ஒத்திகை. முதல் ஞாயிறு என்னைக் கூடத்துக்குள் நிறுத்தினார். இரண்டாம் ஞாயிறு வாசற்படி. பிறகு முற்றம். கடைசியில் கேட்டை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டில் வட்டம் போட்டு 'டேலி' என்று எழுதினார். எனக்குப் பின்னால் தெரு. இன்னும் ஒரு அடி போனால் மாநகராட்சி எல்லை.

"மாஸ்டர், நான் வாசிக்கிறது எனக்கே கேக்கல" என்றேன்.

"அந்த டிங்கு கீதே, அது ஊசி மாதிரி. கிட்ட இருந்தா குத்தும், தூரத்துல இருந்தா மின்னும். பேசாத நில்லு."

எனக்கு இது ஆறுதலாக இல்லை. சைக்கிள்களுக்கு நடுவே கம்பியோடு நிற்பவனைப் பார்த்து, பஞ்சர் ஒட்டுகிறாயா என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு.

மாஸ்டருக்கு ஓர் ஆசை இருந்தது. யாருடைய முனகலும் இல்லாமல், முழுக்க அவரே போட்ட இசை ஒன்று வெளியே வர வேண்டும், அதில் அவர் பெயர் அச்சில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காக 'பகல் பன்னிரண்டு' என்று ஒன்றை எழுதினார். பாட்டு கிடையாது, வாத்தியம் மட்டும், ஆறு நிமிஷம். ஆனால் அந்தக் கூடத்தில் ஒரு தொல்லை. மேற்கே இருந்த டப்பா கம்பெனியின் சாப்பாட்டு சைரன் தினமும் பன்னிரண்டு மணிக்கு ஊளையிடும். வேறு யாராயிருந்தாலும் பதினோரு மணிக்கோ இரண்டு மணிக்கோ பதிவு வைத்துக்கொண்டிருப்பார்கள். மாஸ்டர் சைரனையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

"பகையாளியக் கூப்ட்டு நாற்காலி போட்டு ஒக்கார வச்சிட்டா அப்பால அவன் இன்னா பண்ணுவான்?" என்றார். சைரன் எந்தச் சுரத்தில் ஊதுகிறது என்று வயலினை வைத்துக்கொண்டு பத்து நாள் கவனித்தார். அதற்காக மொத்த ஆர்க்கெஸ்ட்ராவையும் அரைக் கட்டை இறக்கினார். பதினொன்று ஐம்பத்து நாலுக்கு ஆரம்பிக்க வேண்டும். இருநூற்று ஏழாவது பாரில், அதாவது தாளச் சுற்றில், எல்லாரும் சட்டென்று நிறுத்த வேண்டும். அடுத்த நாலு பாருக்குச் சைரன் மட்டும். இருநூற்றுப் பன்னிரண்டாவதில் கேட்டோரத்திலிருந்து நான் ஒரே ஒரு 'டிங்'. அதன்மேல் முப்பது பேரும் விழுந்தடித்துக்கொண்டு ஒரே முழக்கம். இருநூற்றுப் பதினோரு பார் எண்ணிக்கொண்டு சும்மா நிற்பது என் வேலை. சும்மா இருப்பதே சுகம் என்றார்கள் பெரியவர்கள். எண்ணிக்கொண்டே சும்மா இருந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

ஸ்டுடியோ காலத்துத் தோஸ்து ஒருவர் ஸ்பூல் டேப் ரெக்கார்டரும் ஒரு மைக்கும் கொண்டுவர ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஸ்பூல். ஒரு மணிக்கெல்லாம் மிஷின் திரும்பிப் போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் அவருக்கு வேறு வேலை. முப்பது பேருக்கும் ஷிப்டு வெவ்வேறு, சேர்ந்தாற்போல் எல்லாருக்கும் லீவு வருகிற நாளைத் தேடித் தேடி, ஒரு அரசு விடுமுறையைப் பிடித்தோம். நல்ல நாள் கிடைத்தது என்று தாஸ் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

முப்பது தொழிலாளிகள் கூடி யோசித்து எடுத்த முடிவு. எங்களுக்கு லீவு என்றால் டப்பா கம்பெனிக்கும் லீவு, கம்பெனிக்கு லீவு என்றால் சைரனுக்கும் லீவு என்று ஒருத்தன் மண்டையிலும் உறைக்கவில்லை. உறைக்காததற்குக் காரணம் உண்டு. ஒத்திகை நடந்தது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை, அன்றும் சைரன் கிடையாது. சைரன் வருகிற இடத்தில் மாஸ்டரே வாயைக் குவித்து 'ஊஊஊ' என்று ஊதிவிடுவார். கேட்டுக் கேட்டு எங்களுக்கு அதுவே சைரன் ஆகிவிட்டது.

அன்றைக்கு எல்லாரும் சலவைச் சட்டை. மாஸ்டர் கோட்டு போட்டிருந்தார், பாக்கெட்டில் புது சாக்பீஸ். டப்பா கம்பெனி நேரத்துக்குத் திருப்பி வைத்த கடிகாரத்தைப் பார்த்து வயலின் வில்லைத் தூக்கினார். ஸ்பூல் சுற்ற ஆரம்பித்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்படி வாசித்தார்கள். மூட்டை தூக்குபவனும் என்ஜின் துடைப்பவனும் வாசிக்கிற வாசிப்பா அது! சைக்கிள் ஸ்டாண்டில் நின்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்று அறுபதாவது பாரில் தற்செயலாகத் தெருப் பக்கம் திரும்பினேன்.

வழக்கமாக அந்த நேரத்துக்கு டப்பா கம்பெனி கேட்டில் சாப்பாட்டுக் கூடையோடு பெண்கள் கூட்டம் நிற்கும். அன்று ஒரு ஆள் இல்லை. பூட்டின கேட்டில் வாட்ச்மேன் தன் லுங்கியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்று சைரன் ஊதாது. கத்தவும் முடியாது, மைக் உயிரோடு இருக்கிறது. ஓடவும் முடியாது, வட்டத்தை விட்டால் டிங் போச்சு. கையை ஆட்டினேன். வாசல் வழியாக மாஸ்டர் என்னைப் பார்த்து, 'நில்லு' என்று கண்ணாலேயே அதட்டினார். நூற்றுத் தொண்ணூறு. இருநூறு. இருநூற்று ஐந்து. ஆறு. ஏழு.

முப்பது பேரும் கத்தியால் வெட்டினாற்போல் நிறுத்தினார்கள். மாஸ்டர் வில்லை உயர்த்தி, கண்ணை மூடி, மேற்கே காதைத் திருப்பினார். ஒன்றுமில்லை. எங்கோ ஒரு காக்கா. மாஸ்டர் கண்ணைத் திறந்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன். முப்பது வருஷம் யார் யாருக்கோ வட்டம் போட்ட மனுஷன், தன் ஒரே பாட்டின் நடுவில் நிற்க இடமில்லாமல் நின்றார்.

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. வாயைக் குவித்து, அடிவயிற்றிலிருந்து, "ஊஊஊஊ" என்று எடுத்துவிட்டேன்.

கேட்டருகே இரண்டு நாய்கள் படுத்திருந்தன. சைரனோடு சேர்ந்து தினமும் ஊளையிடுகிற நாய்கள். லீவு நாள் என்று நிம்மதியாக இருந்தவை, அலறிப் புடைத்து எழுந்து வேலைக்கு வந்துவிட்டன. நாலு பார். நாய் ஊளையிலும் நான் எண்ணிக்கையை விடவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு, டிங். முப்பது பேரும் ஒரே முழக்கமாக விழுந்தார்கள். ஸ்பூலும் தீர்ந்தது.

மாஸ்டர் கூடத்திலிருந்து இறங்கி, முற்றத்தைத் தாண்டி, என் வட்டத்தின் விளிம்பில் வந்து நின்றார். அவர் யாருடைய வட்டத்தையும் தேடி வந்து நான் பார்த்ததில்லை. அறை விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அரைக் கட்டை கம்மி" என்றார். பிறகு சற்று யோசித்து, "நாயிங்கோ ரெண்டும் கரீட்டா புட்ச்சுதுங்கோ" என்றார்.

"மாஸ்டர், மன்னிச்சுக்கோங்க. லீவுன்னு எங்களுக்குத் தோணவே இல்ல" என்று தாஸ் அழாத குறையாக வந்தார்.

"இன்னாத்துக்கு மன்னிப்பு? இத்தினி வருசமா நான் எய்துனதத்தான் அல்லாரும் வாசிச்சீங்கோ. நான் எய்தாததுல இன்னிக்கித்தான் ஒருத்தன் என்ன காப்பாத்திகினு கீறான்" என்றார். அன்று அவர் சிரித்த சிரிப்பில் சுதி இருந்தது.

கேஸட் போட்டார்கள். அட்டையில் என்ன அச்சடிப்பது என்று அச்சகக்காரர் கேட்டதற்கு மாஸ்டர், யார் எங்கே நின்றார்கள் என்று தான் வரைந்து வைத்திருந்த படத்தைக் கொடுத்தார். நடுவில் மைக், சுற்றிலும் முப்பது வட்டம், வட்டத்துக்குள் பெயர்கள். அச்சகக்காரர் வீட்டுக்கே வந்தார்.

"மாஸ்டர், இந்த டேலின்றவரு மட்டும் தூரமா போயி அட்டை மடிப்புல உய்ந்துட்டாரு. கொஞ்சூண்டு கிட்ட நவுத்திக்கவா?"

"தொடாத! அவன் நின்ன எடம் அது."

எனவே அலமாரியில் கேஸட்டை அடுக்கி வைத்தால், மடிப்பு விளிம்பில், வெளியே தெரிகிற ஒரே பெயர் 'டேலி'. கடைக்காரர்கள் 'டேலி கேஸட்' என்றே விற்றார்கள். மாஸ்டர் பெயர்? அதைத்தான் எல்லாரும் ஆசையாகத் தேடினோம். மைக்குக்குப் பக்கத்து வட்டத்தில், அவர் எப்போதும் தன் இடத்துக்கு எழுதுகிறபடியே, 'நான்' என்று இருந்தது. அச்சகக்காரரும் ஓர் எழுத்து மாற்றாமல் 'நான்' என்றே அச்சடித்துவிட்டார். முப்பது வருஷம் காத்திருந்து அச்சேறிய பெயர் அது. டீச்சரம்மா தலையில் அடித்துக்கொண்டார். மாஸ்டர் அட்டையைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான்தானே? சரியாத்தான் கீது" என்றார்.

கடைசிக் காலத்தில் அவருக்குக் காது போயிற்று. நூல் நூலாகக் குறைந்து, பிறகு அநேகமாக ஒன்றுமே இல்லை. தாஸ் ஒருநாள் கட்டிலருகே நின்று முழு மூச்சில் டிரம்பெட் ஊதினார், தெரு முனையில் ஆட்டோ நின்றது. "இன்னிக்கித்தான்டா தாஸு ஒயிங்கா ஊதற" என்றார் மாஸ்டர்.

நான் போனபோது பழக்கதோஷத்தில் வாசற்படியிலேயே நின்றேன். கையில் டிரையாங்கிள், டீச்சரம்மா கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

"இன்னா அங்கியே நின்னுகினு கீற? கிட்ட வா" என்றார் மாஸ்டர்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாகிவிட்டது. உள்ளே இரண்டு அடி வைத்தேன்.

"இன்னும்."

கட்டில் சட்டம் முழங்காலில் இடித்தது.

"இன்னும் வா டேலி."

குனிந்து அவர் காதோரமாக டிரையாங்கிளை ஒரு தட்டு தட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். "ம்ம். நில்லு" என்றார். சட்டைப் பையைத் தடவினார், கை எழவில்லை. டீச்சரம்மா சாக்பீஸை எடுத்து, முட்டி போட்டு, என் காலைச் சுற்றி வட்டம் போட்டு 'டேலி' என்று எழுதினார்.

"கோணலா கீது டீச்சர்."

"வாய மூடிகினு படு" என்றார் டீச்சரம்மா. அவர் குரல் உடைந்திருந்தது. மாஸ்டருக்குக் கேட்டிருக்காது.

மூன்று வாரம் தினமும் போய் அந்த வட்டத்தில் நின்று ஒரு டிங் கொடுத்துவிட்டு வந்தேன். அப்புறம் வேலை இல்லாமல் போயிற்று.

அடக்கம் முடிந்த மறுநாள் வீடு கழுவினார்கள். டீச்சரம்மா வாளியும் துடைப்பமுமாக வந்து, கட்டில் இருந்த இடத்துக்கு வந்ததும் கை ஓயாமல் என் வட்டத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனார். தண்ணீர் மெல்ல அந்தப் பக்கம் ஓடி வந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் வட்டத்துக்குள் நின்றுகொண்டேன், அது நனையாமல் இருக்கட்டும் என்று.